சுகர் டாக்டரம்மாவின் கேள்வி

டாக்டரம்மா குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. கால் விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று எந்தக் குரலில் கேட்பாரோ, அதே குரலில்தான் மற்றதையும் கேட்பார். பாளையங்கோட்டையில் தம் வீட்டின் முன்பாதியை ஆஸ்பத்திரியாக வைத்திருந்தார். வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்க மாட்டார்கள். சுகர் டாக்டரம்மா வீடு எது என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது. மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார். மேஜை இழுப்பறையில் வறுத்த நிலக்கடலை கிடக்கும். ஒருவர் வெளியே போய் இன்னொருவர் உள்ளே வருவதற்குள் நாலைந்தை வாயில் போட்டுக்கொள்வார். எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், யாருடைய மகள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். அவர் அது எதையும் கேட்க மாட்டார். ஊரே கேட்காத ஒன்றைத்தான் கேட்பார்.

சர்க்கரை உள்ள ஆண் யார் வந்தாலும் கண்ணைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மனைவியோடு சேர்ந்திருப்பதில் ஏதும் சிரமம் உண்டா, விறைப்பு சரியாக வருகிறதா என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் பலருக்குத் தாங்காது. கேள்வியைச் சிரித்து மழுப்பிவிடலாம். எதிரே ஒரு பெண் கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், பதிலுக்காக உட்கார்ந்திருந்தால் எங்கே போவது? எழுந்து ஓடியவர்கள் உண்டு. வேறு டாக்டரைப் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு.

சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி ஒருவர் மட்டும் வெளியே வந்ததும் காத்திருப்போர் அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி, இந்த அம்மா பிரசங்கி கணக்கா மனசுக்குள்ள இருக்கதை எல்லாம் வெளிய வரவழைச்சுருதாக, என்று சொல்லிச் சிரித்தார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். இழுத்தாளே தவிர அவளும் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

காத்திருப்போர் அறையில் எப்போதும் டி.வி. சத்தமாக ஓடும். ஒருமுறை நான் நர்ஸ் அக்காவிடம் தலை வலிக்கிறது, கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று கேட்டேன். குறைத்தால் டாக்டரம்மா திட்டுவார் என்றார் நர்ஸ் அக்கா. உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக வைத்த டி.வி. அது. கதவும் கனமான தேக்குக் கதவு. தம் குரலைக் குறைக்க மனமில்லாமல் இவ்வளவு ஏற்பாடும் செய்து வைத்திருந்தார்.

நர்ஸ் அக்கா சொன்ன இன்னொன்றும் உண்டு. டாக்டரம்மா போகும் கிறிஸ்தவ சபையிலிருந்து மூப்பர் ஒருவர் வந்து, ஒரு பெண் ஆண்களிடம் இப்படிக் கேட்பது சபைக்கு அழகில்லை, ஆண் உதவியாளர் ஒருவரை வைத்துக் கேட்கச் சொல்லலாமே என்றாராம். "கண்ணைப் பாக்கேன், காலைப் பாக்கேன், நடுவுல இருக்கது மட்டும் ஆண்டவர் படைச்சது இல்லையா ஐயா?" என்று கேட்டிருக்கிறார் டாக்டரம்மா. அத்தோடு விடவில்லை. மூப்பருக்கும் சர்க்கரை உண்டு. வந்ததுதான் வந்தீர்கள் என்று அவரையும் உட்கார வைத்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது என் கணவரின் கால் பெருவிரலால்.

கொரோனா ஓய்ந்து கடைகள் எல்லாம் பழையபடி திறந்திருந்த சமயம். என் கணவருக்கு டவுனில் பலசரக்குக் கடை. எங்கள் வீடு தச்சநல்லூரில். கீழே முன்னறை, சமையலறை, அத்தையின் அறை. மாடியில் எங்கள் அறை, ஒட்டி என் கொழுந்தன் குடும்பத்தின் அறை. நடுவில் ஒற்றைக்கல் சுவர். கொழுந்தன் பிள்ளைக்கு இருமல் வந்தால் நாங்கள் விழித்துக்கொள்வோம்.

கல்யாணம் ஆகும்போதே அவருக்குச் சர்க்கரை இருந்தது. அது எங்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. முதல் ஒரு வருஷம் எல்லாரையும் போலத்தான் இருந்தோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்னறையில் படுக்க ஆரம்பித்தார். கடையில் சரக்கு இறங்குகிறது என்று நேரம் கழித்து வந்தார். நான் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருக்கும் நாளில் அவருக்குக் கண்டிப்பாக வயிறு சரியிருக்காது. ஒருநாள் நானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டென்று எழுந்து போய் மோட்டார் போட்டார். தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் மொட்டை மாடியிலேயே நின்றார்.

நான் பெருத்துவிட்டேன் என்று நினைத்தேன். வேறு யாரோ இருக்கிறாள் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எவளாவது இருந்திருந்தால்கூட ஒரு காரணம் கிடைத்த மாதிரி இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் அத்தை என்னை நாகர்கோவிலில் ஒரு குழந்தைப்பேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். மாதாமாதம் ஸ்கேன், ஊசி, மாத்திரை. இந்த இந்த நாளில் சேர்ந்திருக்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பார்கள். கணவரை ஒருமுறை கூட்டிவரச் சொன்னார்கள். அவன் கடையை விட்டு எப்படி வருவான் என்று அத்தையே பதில் சொல்லிவிட்டார். எதற்கும் பயன்படாத அந்த மாத்திரைகளை நான் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தேன். சஷ்டி விரதமும் இருந்தேன். கல்யாண வீடுகளில், விசேஷம் உண்டா என்று யாராவது என் வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள். அவர் என்னைத் தொடுவதே இல்லை என்று எனக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் நான் தப்பிப்பேன். ஆனால் அவர் பிறகு டவுன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லாவிட்டால் நான் மலடி. இதற்கு நடுவில்தான் நின்றேன்.

பெருவிரல் புண் ஆறவில்லை என்று நான்தான் அவரைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், கட்டுப்போட்டார், மருந்தை மாற்றி எழுதினார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் கேட்டதும் என் கணவரின் கழுத்து சிவந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாங்க கால் புண்ணுக்குல்லா வந்தோம் என்றார். டாக்டரம்மா காத்திருந்தார். என் கணவர் எழுந்து, ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கையில் எடுத்தபடி வெளியே போய்விட்டார்.

நான் மருந்துச் சீட்டுக்காக உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா என்னைப் போகச் சொல்லவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் உங்களுக்குச் சொல்வது சுலபம், நைட்ரிக் ஆக்சைடு பாடம் எடுத்திருப்பீர்களே என்றார்.

எடுத்திருக்கிறேன். மின்னல் வெட்டும்போது காற்றில் உண்டாவது, வண்டிப் புகையில் வருவது, அமில மழைக்குக் காரணமாவது. இவ்வளவுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. அதே வாயு நம் உடம்புக்குள்ளும் உண்டாகிறது என்று அவர் ஆரம்பித்தார். ஆசை மூளையில் தோன்றி நரம்பு வழியாக இறங்குகிறது. ஆண்குறியில் அந்த நரம்பு முடிகிற நுனியில் இந்த வாயு துளியளவு வெளியாகிறது. வாயு என்பதால் அது செல் சவ்வைத் தாண்டி நேரே தசைக்குள் போய்விடும். அங்கே வேறொரு பொருளை உண்டாக்கி, எப்போதும் இறுகியே இருக்கும் தசையைத் தளர்த்தும். தசை தளர்ந்தால் ரத்தக்குழாய் விரியும், பஞ்சு போன்ற திசுவில் ரத்தம் நிறையும். ரத்தம் பாய்கிற வேகத்தில் குழாயின் உள்தோலும் தன் பங்குக்கு அதே வாயுவை விடும். நிறைந்த ரத்தமே வெளியேறும் குழாய்களை அழுத்தி மூடிக்கொள்வதால் விறைப்பு நிற்கும்.

"இறுக்குறதால வாரது இல்லம்மா இது. தளர்றதால வாரது. ஆம்பளைங்க அதைத் தலைகீழாப் புரிஞ்சு வச்சிருக்காங்க" என்றார்.

வருஷக்கணக்காக ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் அந்த நரம்பு நுனியும் உள்தோலும் கெட்டுவிடும், வாயு குறைந்துபோகும் என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"அவரு உங்களை வெறுக்கல. ஆசை இல்லாமலும் போகல. மேல தோணுனது கீழ போய்ச் சேரல, அவ்வளவுதான்."

நான் அழவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தேன். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. ஒரு வாயுவின் பெயரைச் சொல்லி ஒருவர் என்னை மன்னித்துவிட்ட மாதிரி இருந்தது. நான் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவர் இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னார். அந்த இடத்துக் குழாய்கள் மெல்லியவை, நெஞ்சில் இருப்பவை அதைவிடப் பெரியவை. அதனால் கோளாறு பல நேரம் முதலில் மெல்லியதில்தான் தெரியும், இவருக்கு நெஞ்சையும் பரிசோதிக்க வேண்டும் என்றார். இன்னொன்று, வெட்கப்பட்டுக்கொண்டு கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது. நைட்ரிக் ஆக்சைடு தசைக்குள் உண்டாக்கிய பொருள் சீக்கிரம் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மருந்தும் உடம்புக்குள் அதே வாயுவாகத்தான் மாறும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு முழுக்க உள்ள குழாய்கள் விரிந்து, ரத்த அழுத்தம் ஏற்ற முடியாத அளவுக்கு விழுந்துவிடும். இதை அவர் எல்லாரிடமும் சொல்வாராம்.

எனக்கு அப்போது அவர் மேல் கோபம்தான் வந்தது. நீங்க கேட்டுட்டீங்க டாக்டர், அவுகளோட வீட்டுக்குப் போறது நான்லா என்றேன். ஆமா, அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல என்றார்.

வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா நெஞ்சுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாக என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கால் புண்ணுக்கு நெஞ்சு எதுக்கு என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த அறையில் கேட்டதை எல்லாம் சொல்ல வேண்டும். கீழே அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் பேசுவது கேட்டது. சும்மாதான் சொன்னாக என்று முடித்துவிட்டேன். முன்பு எனக்குக் காரணம் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்தும் தெரியாதவளாக நடமாட வேண்டியிருந்தது.

புண்ணுக்குக் கட்டு மாற்ற அவர் தனியாகவே போய் வந்தார், வேறொரு டாக்டரிடம். நான் டாக்டரம்மாவிடம் அவ்வப்போது போவேன். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் பார்க்க என்று ஒரு காரணம். அவர் நிலக்கடலையை என் பக்கம் தள்ளிவிட்டு, சொல்லியாச்சா என்று கேட்பார். இல்லை என்பேன். ஒருநாளும் என்னைக் கடிந்துகொண்டதில்லை, அவசரப்படுத்தியதும் இல்லை. ஆனால் அடுத்த முறையும் அதையே கேட்பார். சில நாள் அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் போகாமல் இருந்திருக்கிறேன்.

ஒருநாள் துவைக்கப் போடும்போது அவர் சட்டைப் பையில் ஒரு மாத்திரைப் பட்டை கிடைத்தது. பெயரைப் படித்ததும் டாக்டரம்மா சொன்ன அந்த மாத்திரைதான் என்று புரிந்துவிட்டது. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. எங்கேயோ, யாரிடமோ, எவ்வளவு வெட்கப்பட்டு வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். அதை எடுத்த இடத்திலேயே வைத்து, சட்டையைத் துவைக்காமல் கொடியில் போட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்காக வேண்டிக்கொள்ள அத்தை திருச்செந்தூர் போனார். கொழுந்தன் குடும்பம்தான் காரில் கூட்டிப்போனது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்த வீட்டில் இருந்தது அபூர்வம். அவர் மதியமே கடையை அடைத்துவிட்டு வந்தார். சாப்பிட்டார். நான் பாத்திரம் கழுவிவிட்டு மாடிக்குப் போனபோது முன்னறையில் படுக்காமல் எங்கள் அறையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலை அடைத்திருந்தார்.

அன்று எங்களுக்குள் நடந்தது நல்லபடியாகவே நடந்தது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பரீட்சை எழுதி முடித்த பிள்ளையின் முகமாக இருந்தது. நான் அவர் தலையைக் கோதினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேஜை மேல் பட்டை இருந்தது, ஒரு மாத்திரை குறைந்திருந்தது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் நெஞ்சு அடைக்கிறது என்றார். வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கூட்டி வந்தார். ஜங்ஷன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போன் போட்டதில் திருச்செந்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் நேரே அங்கேயே வந்துவிட்டார்கள். அத்தை கையில் இலை விபூதியோடு மகன் நெற்றியைத் தேடி வந்தார். அவசரச் சிகிச்சைப் பிரிவில் திரைச்சீலைக்குள் நாங்கள் எல்லாருமாக நெருக்கிக்கொண்டு நின்றோம்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பையன். இ.சி.ஜி. தாளைப் பார்த்துக்கொண்டே வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். என் கணவர் அம்மாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், சுகர் மாத்திரை மட்டும்தான் என்றார். நர்ஸ் சின்னப் புட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து, நாக்கைத் தூக்குங்க என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பட்டையைப் பார்த்திருந்தேன் என்பது என் முகத்திலிருந்து அப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாதே என்று அந்தக் கண்கள் கேட்டன. அதைப்போல ஒரு கெஞ்சலை நான் வேறு யார் கண்ணிலும் கண்டதில்லை.

"அதைக் குடுக்காதீங்க. மத்தியானம் சில்டெனாஃபில் போட்டிருக்காக" என்றேன்.

நர்ஸின் கை நின்றது. டியூட்டி டாக்டர் நிமிர்ந்து, அண்ணாச்சி, நிஜந்தானா என்று அவரைக் கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார். டாக்டர் அந்தப் புட்டியை மூடச் சொல்லிவிட்டு வேறு மருந்துகளைச் சொன்னார். எல்லாம் வேகமாக நடந்தது. அத்தை மட்டும் ஒன்றும் புரியாமல், அது என்ன மாத்திரை என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார். கொழுந்தனுக்குப் புரிந்திருந்தது. அவன் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கேள்வி என்னிடம் வந்து நின்றது.

"சுகரால அவுகளுக்கு விறைப்பு வாரதில்ல அத்தை. அதுக்கான மாத்திரை. ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்றேன்.

என் குரல் தாழவில்லை. அது என் குரல் மாதிரியும் இல்லை. அத்தை விபூதி இலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நெஞ்சுக் குழாயில் அடைப்பு இருந்தது. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் பிழைத்துவிட்டார். நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று என்று டியூட்டி டாக்டர் சொன்னபோது கொழுந்தனும் கூட நின்றான். ஆனால் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் என் கையால் தண்ணீர் வாங்கவில்லை. கஞ்சியை அத்தை கொண்டுபோனால் குடிப்பார். நான் அறைக்குள் நுழைந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். கடைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் போகவில்லை. கடைப் பையன்களுக்குத் தெரிந்திருக்கும், சந்தையில் தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. கொழுந்தன் மனைவி என்னிடம் ரொம்ப அன்பாகப் பேச ஆரம்பித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்பு அந்த இறுக்கத்துக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். இப்போது வீடு முழுக்க அதற்குள் வந்துவிட்டது.

ஒருநாள் மொட்டை மாடியில் வத்தல் காயப்போடும்போது அத்தை, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா என்றார். எப்படி அத்தை சொல்லுவேன் என்று கேட்டேன். அவர் யோசித்தார். ஆமா, எப்படிச் சொல்லுவ என்று அவரே சொல்லிவிட்டுக் காக்காயை விரட்டப் போனார். அதன் பிறகு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போகவில்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் ஸ்டென்ட் வைத்தும் பயனில்லை என்று இதய டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால்தான் என் கணவர் மறுபடியும் டாக்டரம்மாவிடம் வர ஒத்துக்கொண்டார். சர்க்கரைக்கு அவரைப் போல நல்ல டாக்டர் வேறு யாரும் கிட்டத்தில் இல்லை. பஸ்ஸில் நான் ஒரு சீட், அவர் ஒரு சீட்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்தார். ஆஸ்பத்திரித் தாள்களை நிதானமாகப் படித்தார். பேனாவைக் கீழே வைத்தார். இன்றைக்கு வேண்டாம் என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார். அதே கேள்வி, அதே குரல்.

என் கணவர் இந்த முறை எழுந்து போகவில்லை. இத்தனை நாள் எங்களிடம் பேசாத பேச்சை எல்லாம் அவரிடம் பேசினார். பெத்த தாய் முன்னால, கூடப்பிறந்தவன் முன்னால, இவள் என்னை உரித்துப் போட்டுவிட்டாள் என்றார். கடைக்குப் போனால் ஒவ்வொருவனும் தன் இடுப்புக்குக் கீழே பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். இதற்கெல்லாம் ஆரம்பம் நீங்கள்தான் என்றார்.

"அன்னைக்கே செத்திருந்தா மரியாதையாப் போயிருப்பேன்" என்றார் கடைசியாக.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போயிருப்பீங்க" என்றார் டாக்டரம்மா. "நான் ஒருத்தரை அப்படி மரியாதையா அனுப்பி வச்சிருக்கேன்."

பிறகு அவர் சொன்னார். இந்த மாத்திரை கடைகளுக்கு வந்த புதிது. அவர் அப்போது வேறொரு ஊரில், ஒரு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர். வாத்தியார் ஒருவரை நெஞ்சுவலி என்று கொண்டுவந்தார்கள். நைட்ரேட் கொடுப்பதற்கு முன்னால் இந்த மாத்திரை போட்டிருக்கிறாரா என்று கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வாத்தியாரைச் சுற்றி மனைவி, மகள், மருமகன் எல்லாரும் நின்றார்கள்.

"நான் சின்னப் பொண்ணு. எனக்குக் கூச்சமாப் போச்சு. குனிஞ்சு அவரு காதுக்குள்ள பையக் கேட்டேன். அவருக்குக் கேக்கலையா, கேட்டும் கேக்காதமாதிரி இருந்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. தலையை ஆட்டுனாரு. இல்லைன்னு எடுத்துக்கிட்டேன். நாக்குக்கடியில மாத்திரையை வச்சது நான்தான். பிரஷர் இறங்குச்சு. நாங்க என்ன பண்ணியும் ஏறல."

வாத்தியாரின் சட்டைப் பையிலிருந்த பட்டையைப் பிறகு அவர்தான் எடுத்தாராம். பெரிய டாக்டரிடம் மட்டும் காட்டினாராம். வீட்டாருக்குச் சொல்ல வேண்டாம், போனவருக்கு மரியாதைக் குறைவு என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மாரடைப்பு என்று எழுதினார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். ஊரே திரண்டு அடக்கத்துக்குப் போனது.

இதைச் சொல்லும்போதும் டாக்டரம்மாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கட்டு எப்படிப் போட வேண்டும் என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். ஆனால் வெறுங்கால்கள் மேஜைக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அவர் இப்போது பாளையங்கோட்டையில் இல்லை. முழங்கால் ரொம்ப மோசமானதும் மகள் வந்து பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். போனில் கிடைப்பார். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், இருக்கு என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். அந்த வாத்தியாரைப் பற்றி அவர் அதன் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் அவர் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே கேட்கவில்லை.

அன்று டாக்டரம்மா சொல்லி முடித்தபோது வெளியே டி.வி.யில் ஏதோ பாட்டு ஓடியது.

என் கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அந்த வாத்தியார் வீட்டம்மாவுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாது. நாங்க சொல்லலையே" என்றார் டாக்டரம்மா.

என் கணவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இனிமேல் அந்த மாத்திரையைப் போடலாமா என்று கேட்டார். கடையில் பருப்பு விலை கேட்கிறவர் மாதிரி சாதாரணமாகக் கேட்க முயன்றார். குரல் பாதியில் உடைந்துவிட்டது. இதய டாக்டர் சரி என்று சொல்லாமல் இப்போதைக்குக் கூடாது என்றார் டாக்டரம்மா. அதற்கு முன்னால் சர்க்கரை குறைய வேண்டும், நடக்க வேண்டும், உள்தோல் கொஞ்சமாவது தேறும். மாத்திரை ஒத்துவராவிட்டாலும் வேறு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் என்று இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார்.

இது ஆண்கள் விஷயம், நான் இருந்தால் அவர் கேட்க நினைப்பதைக் கேட்க மாட்டார் என்று தோன்றியது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவில் கை வைத்துவிட்டேன்.

என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தபடியே, "நீ இரு" என்றார்.